கண்ணால் மட்டம் பார்த்தவன்

"நூலும் ரசமட்டமும் கண்ணில்லாதவங்களுக்காகக் கண்டுபிடிச்சது. நூல் பொய் சொல்லும், மட்டம் பொய் சொல்லும். என் கண்ணு பொய் சொல்லாது."

தரையில் டைல்ஸ் பதிக்கும் தொழிலுக்கு வந்த இரண்டாவது வருஷத்தில், பாதி கட்டிய கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில், வாய் நிறைய பன்னை வைத்துக்கொண்டு அவன் வெளியிட்ட அறிக்கை இது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவனுடைய அக்கா கணவரும், சிமென்ட் மூட்டை சுமக்கும் இருவரும். சுமப்பவர்கள் அன்று மாலைக்குள்ளேயே அவனுக்கு ரசமட்டம் என்று பெயர் சூட்டிவிட்டார்கள். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி மிதக்கும், தரை சமமாக இருந்தால் நடுவில் வந்து நிற்கும், அந்தக் கருவிக்குத்தான் ரசமட்டம் என்று பெயர். அதற்குப் பிறகு அவனுடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் வாழ்ந்துவந்தது. "டேய் ரசமட்டம், டீ ஆறுது" என்றால்தான் திரும்புவான். கேலிக்கு வைத்த பெயர் என்பதே அவனுக்கு உறைக்கவில்லை. பட்டம் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லாததுதான் குறை.

பொய் சொல்லக் கூடாது, பெருமைக்குக் காரணம் இருந்தது. ஒரு கண்ணை மூடி, கன்னத்தைத் தரையோடு ஒட்டி, பதித்த வரிசையின் ஓரமாகப் பார்ப்பான். "அந்த நாலாவது கல்லு கொஞ்சம் மூக்கை நீட்டுது" என்பான். மாமா நூலை இழுத்துப் பிடித்துப் பார்ப்பார். நீட்டிக்கொண்டுதான் இருக்கும். தலை நரைக்கும் வரை நூல் கட்டியே வேலை பார்த்த மனிதர் மாமா. மைத்துனன் விஷயத்தில் அவருக்குப் பெருமை பாதி, எரிச்சல் பாதி. எந்த நாளில் எது மேலே நிற்கும் என்று அக்காவுக்கே தெரியாது.

பொதுமக்கள் அறியாத சேதி ஒன்று உண்டு. இவ்வளவு கீர்த்தி வாய்ந்த அந்தக் கண்களுக்குப் பின்னால் ஒரு தலை இருந்தது. அந்தத் தலை, பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷத்திலிருந்து, நினைத்த நேரத்தில் வலித்தது. வலி என்றால் நெற்றியில் தைலம் தடவிக்கொண்டு தொலைக்காட்சி பார்க்கிற ரக வலி இல்லை. தலையின் ஒரு பக்கத்துக்குள் யாரோ குடியேறி, சுவரை இடித்து வீட்டை விரிவாக்குகிற வலி. வெளிச்சம் குத்தும். கல் அறுக்கும் மெஷின் சத்தம் பல்லில் கேட்கும். டைல் ஒட்டும் பசையின் வாடை, சாதாரண நாளில் மூக்குக்கே தெரியாதது, அன்றைக்கு வயிற்றைப் புரட்டும்.

தலைவலி என்பது பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கும் ஆபீஸ் மேனேஜர்களுக்கும் வருவது என்று ரசமட்டம் முடிவு கட்டியிருந்தான். தரை பதிக்கிறவனுக்கு முட்டி வலிக்கலாம், இடுப்பு பிடிக்கலாம். அதெல்லாம் தொழில் கொடுக்கும் பதக்கங்கள். தலைவலிக்கு என்ன மரியாதை? ஆகவே மறைத்தான். மறைக்க அவன் கண்ட இடம் குளியலறை. வேலை நடக்கிற வீட்டில் வலி ஆரம்பித்ததும் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, "பாத்ரூம் அளவு எடுத்துட்டு வரேன்" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்துவான். ஈரத் துண்டை முகத்தில் போட்டு, குளிர்ந்த சுவரில் தலையைச் சாய்த்துக் குந்திக்கொள்வான். அவன் கைப்பட்ட குளியலறைகளைப் போல நிதானமாக அளக்கப்பட்ட குளியலறைகள் கட்டட வரலாற்றிலேயே இருக்காது.

குடும்பம் சும்மா இருக்குமா? பையன் வாந்தி எடுக்கிறான், கூரைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போடுகிறான், சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான், கேட்டால் ஒன்றும் இல்லை என்கிறான். அக்கா அவனுடைய சட்டைகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள். பசை வாடைதான் வந்தது. அதையும் மீறி மாமா ஒரு நாள் அவனைத் தனியாக அழைத்துப்போய், ஆம்பளைக்கு ஆம்பளை என்ற தோரணையில், எந்தக் கடை, யாரோடு சேர்ந்து, என்று விசாரித்தார். குடிக்கவே இல்லை என்று அவன் சொன்னதும் மாமாவின் முகம் இன்னும் இருண்டது. குடியென்றால் கண்டித்துத் திருத்தலாம். காரணமில்லாமல் தள்ளாடுகிறவனை என்ன செய்வது?

அந்த நிலையில்தான் மூன்று வரிசை விவகாரம் நடந்தது.

ஒரு பெரிய வீட்டு ஹால். மாமா நூல் கட்டிக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தார். ரசமட்டம் தனியாக மூன்று வரிசை பதித்துவிட்டு, வழக்கம்போல் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தான். வரிசை நெளிந்திருந்தது. கொஞ்ச நெளிவு இல்லை. ரம்பத்தின் பல்லைப் போல மேலும் கீழுமாக, ஓரத்தில் பளபளப்போடு, நெளிந்து நெளிந்து ஓடியது. நூலைப் பார்த்தான். நூலும் கோணல். மாமாவுக்கு வயதாகிவிட்டது என்று இரக்கப்பட்டான். நூலை அவிழ்த்துத் தானே திருப்பிக் கட்டினான். பசை இறுகுவதற்குள் மூன்று வரிசையையும் பேர்த்தான்.

மாமா வந்தபோது பேர்த்த கற்கள் மூலையில் குவிந்திருந்தன, பாதிக்கு மேல் உடைந்து. புதிதாகக் கட்டிய நூல், ஹாலின் ஒரு மூலையிலிருந்து கிளம்பி, சமையலறைப் பக்கமாகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. நம் ஆள் குளியலறையில் அளவு எடுத்துக்கொண்டிருந்தான்.

"நூலு கோணலா இருந்துச்சு மாமா" என்றான், கதவுக்கு உள்ளேயிருந்து.

மாமா உடைந்த கற்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னார். அக்கா மறுநாள் தம்பியை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் அறைக்குள் அக்கா கூட வரக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தான். உள்ளே, அந்த நெளிவுக் கோட்டை அவன் தயங்கித் தயங்கிச் சொல்ல ஆரம்பித்ததும், டாக்டர் ஒரு தாளை எடுத்து ரம்பப் பல் ஒன்றை வரைந்து, "இப்படியா?" என்று கேட்டார். மைக்ரேன் என்றார். சிலருக்கு வலிக்கு முன்னால் கண்ணில் இப்படி ஓடும், அரை மணி நேரம் போல இருந்துவிட்டுப் போகும், பயப்பட வேண்டாம், கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, மூளைதான் அப்படிக் காட்டுகிறது என்றார். கண்ணுக்கு நற்சான்றிதழ் கிடைத்த சந்தோஷம் ரசமட்டத்துக்குக் கதவு வரைகூட நிலைக்கவில்லை. கண் நல்ல கண்தான், பார்ப்பதுதான் பொய் என்றால், ஆக மொத்தம் அவனுடைய அறிக்கை என்ன ஆயிற்று?

வெளியே வந்து அக்காவிடம், "வெறும் தலைவலிதானாம்" என்றான். நெளிவைப் பற்றி மூச்சு விடவில்லை. நூல் கோணல் என்ற கட்சி அப்படியே நின்றது. மாமாவும் அதை மறுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு நூலையும் இரண்டு தடவை கட்டினார். கட்டிவிட்டுத் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

மாமா ஒரு தீர்ப்பும் சொல்லியிருந்தார். "தலைவலி எல்லாருக்கும்தான் வருது. எனக்கு உங்க அக்கா புண்ணியத்துல தினமும் வருது. அதுக்காக நல்ல தரையைப் பேக்க முடியுமா மாப்ள? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, டைல்ஸ் கடைல ஆள் கேக்கறாங்க. ஸ்டூல்ல உக்காந்து பில்லு போடு."

அந்தக் கடையை ரசமட்டம் அறிவான். நாலு சுவரும் பளபளக்கும் டைல்ஸ், ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு விளக்கு. அவன் தலையை ஒழித்துக்கட்ட நிபுணர்கள் கூடி ஓர் இடம் வடிவமைத்தால் அப்படித்தான் இருக்கும். அதைவிட, தரையில் குந்தாமல், ரப்பர் சுத்தியலால் கல்லைத் தட்டி அது கீழே உட்காருகிற சத்தத்தைக் கேட்காமல், ஆயுள் முழுக்கப் பில் போடுவதை நினைத்தாலே அவனுக்குப் பிடரி இறுகியது. பிடரி இறுகினால் வலி வரும் என்று பயம். பயந்தால் இன்னும் இறுகியது. இப்படியாக, வலி வராத நாட்களிலும் அவன் வலிக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தான். காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாகத் தலைக்குள் போய், யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வருவான்.

டாக்டர் மாத்திரையோடு நிற்கவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் இளைஞர்களுக்கென்று நடக்கும் தலைவலி வகுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். இளைஞர்கள் என்றதும் தன் வயதுக்காரர்களை எதிர்பார்த்துச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனான். உள்ளே அத்தனை பேரும் பள்ளிச் சீருடையில் இருந்தார்கள். நாற்காலிகள் முழங்கால் உயரம். தரை பதிக்கிறவன் குந்திப் பழகியவன் என்பதால் அது ஒன்றுதான் அவனுக்குச் சாதகம்.

பாடம் நடத்திய பெண் அவனைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். தீராத ஜலதோஷம் வேறு. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, மூச்சை எப்படி விடுவது என்று சொல்லிக்கொடுத்தாள். வயிறு எழும்ப இழுக்க வேண்டும், இழுத்ததைவிட மெதுவாக விட வேண்டும். தோளை இறுக்கிப் பிடித்துவிட்டுத் தளர்த்த வேண்டும், பிறகு தாடை, பிறகு கை. கண்ணை மூடி, வெதுவெதுப்பான தண்ணீரில் கை இருப்பதாக நினைத்தால் கை நிஜமாகவே சூடாகும், உடம்பு தணியும். சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது, லீவு நாளிலும் அதே நேரத்துக்கு எழ வேண்டும், மாத்திரையை வலி முற்றும் வரை வைத்திருந்து வீரம் காட்டக் கூடாது, வீரம் தீர்ந்து தினமும் விழுங்கவும் கூடாது. இதெல்லாம் வலியை ஓட ஓட விரட்டிவிடாது என்பதையும் அவள் மறைக்கவில்லை. வருகிறது குறையும், வந்தால் உடம்பு அதோடு மல்லுக்கு நிற்காது, அவ்வளவுதான்.

அவனுக்கு ஜோடியாக உட்கார்த்தப்பட்டவள் இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி. வகுப்பில் சீனியர். அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணா, நீங்க தோளைக் காதுல மாட்டி வெச்சிருக்கீங்க. கீழ இறக்குங்க" என்றாள்.

இறக்கினான். அது இவ்வளவு தூரம் இறங்கும் என்று அவனுக்கே தெரியாது.

வீட்டுப் பாடமும் உண்டு. மூச்சுப் பயிற்சி தினம் இருவேளை. அதைச் செய்துவிட்டான். வேலை செய்கிற இடத்தில் ஒருவரிடம் விஷயத்தை முழுசாகச் சொல்லிவைக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. அடுத்த வாரம் சடைக்காரி விடவில்லை, யாரிடம் சொன்னீங்க என்று கேட்டாள். சொல்லும்படியான ஆள் யாருமில்லை என்றான்.

"ஏன், நீங்க மட்டும் தனியாவா தரை போடறீங்க?"

"சொன்னா என் கண்ணை யாரும் நம்ப மாட்டாங்க பாப்பா."

"நானும் கிளாஸ்ல சொல்லாமத்தான் இருந்தேன். பரீட்சைல பாதிக் கேள்வி கண்ணுக்கே தெரியல. டீச்சர் நான் படிக்கலன்னு நெனச்சுட்டாங்க." இதைக் குறையாகச் சொல்லவில்லை, பஸ் தாமதமானதைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

கடைசி வாய்ப்பாக வந்தது ஒரு தையல்காரம்மாவின் புதுக் கடை. மாமா அதை ரசமட்டத்திடமே விட்டார். நடு வரிசையிலிருந்து கடைசி ஓரம் வரை அவன் பொறுப்பு, மாமா கூடமாட ஒத்தாசை மட்டும். சரியாக முடிந்தால் இனித் தனி வேலை. முடியாவிட்டால் ஸ்டூல். தையல்காரம்மா தேர்ந்தெடுத்திருந்த டிசைனைப் பார்த்ததும் அவன் கண்ணைத் திருப்பிக்கொண்டான். கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. கடை முழுக்கச் சதுரங்கப் பலகை. கண்ணைக் கூச வைக்கும் கோடு, கட்டம் எல்லாம் சிலருக்கு வலியைக் கூப்பிட்டு வரும் என்று போன வாரம்தான் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். சொல்லாமல் இருந்திருந்தால் நிம்மதியாக மாட்டியிருப்பான்.

வேலைக்கு முந்தைய ஒரு வாரமும் உத்தமனாக வாழ்ந்தான். குறித்த நேரத்தில் தூங்கினான், குறித்த நேரத்தில் சாப்பிட்டான், தண்ணீரை அளந்து குடித்தான். அக்காவுக்குச் சந்தேகம் புதிதாக முளைத்தது. கண்டபடி இருந்தவன் திடீரென்று திருந்தினால் அதற்குப் பின்னால் ஒரு பெண் இருக்க வேண்டும். அவள் மாமாவிடம் சொல்ல, மாமா வேலை நடக்கும் காலையில், பசை கலக்கும் வாளிக்குப் பக்கத்தில் மைத்துனன் மெதுவாக மூச்சை இழுத்து விடுவதைப் பார்த்துவிட்டு, "இப்படிப் பெருமூச்சு விடற அளவுக்கு அந்தப் பொண்ணு யாரு மாப்ள?" என்று கேட்டார்.

தையல்காரம்மா வாசல் ஓரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து எதற்கோ ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். ஊசி நேராகப் போகிறதா என்று துணியைப் பார்ப்பார், கல் நேராகப் போகிறதா என்று தரையைப் பார்ப்பார். இரண்டுக்கும் ஒரே முகம். தொழில்காரியின் கண் அது. ரசமட்டத்துக்கு முதுகு முழுக்க ஊசி குத்தியது.

இருந்தாலும் வேலை ஓடியது. நடு வரிசையின் முதல் கல் உட்கார்ந்தது. இரண்டாவதும். ஒவ்வொரு கல்லுக்கும் தோளை இறக்கினான். இன்றைக்கு வராது என்று நினைத்தான். நினைத்ததற்காகவே பயந்தான். வரிசை பாதி போனபோது கொட்டாவி வந்தது. இன்னொன்று. பிடரியில் ஒரு கை வைத்ததுபோல் இருந்தது. அதெல்லாம் தூக்கக் குறைவு என்று தனக்குத்தானே சாட்சி சொல்லிக்கொண்டான், ஒரு வாரமாக ஊருக்கே முன்னால் தூங்கப் போனவன்.

பிறகு சுத்தியலின் தலை காணாமல் போனது.

பிடி இருந்தது, கை இருந்தது, தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததைச் சுற்றிச் சின்னதாக ஒரு பளபளப்பு. கண்ணைக் கசக்கினான். பளபளப்பு பெரிதாகி, பல் முளைத்து, மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது. கறுப்பும் வெள்ளையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. நடு வரிசை நெளிந்தது. ஒன்பதாவதா, பத்தாவதா, ஏதோ ஒரு கல் நன்றாகவே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அல்லது நீட்டாமல் இருந்தது.

பசை இறுகிக்கொண்டிருந்தது. நடு வரிசை ஒரு முடி அளவு தப்பினால் கடைசி ஓரத்தில் ஒரு விரல் அளவு தப்பும், கட்டத் தரையில் அதைக் குருடனும் கண்டுபிடிப்பான். அந்தக் கல் நிஜமாகவே நீட்டியிருந்தால் இப்போதே தட்டிச் சேர்க்க வேண்டும். நீட்டாத கல்லைத் தட்டினால் இவனே கோணலாக்கிவிடுவான். பேசாமல் பதித்துக்கொண்டே போகலாம். குளியலறைக்கு அளவு எடுக்கப் போகலாம். ஆனால் தையல் கடையில் குளியலறை இல்லை. அவன் கை தன்னால் அந்தக் கல்லை நோக்கிப் போனது, பேர்க்கிற தகட்டோடு. விரல் நுனிகள் சில்லென்று இருந்தன.

மூச்சை இழுத்தான். மெதுவாக விட்டான். பளபளப்பு போகவில்லை. கை மட்டும் நின்றது.

"மாமா" என்றான்.

மாமா வெட்டிக்கொண்டிருந்த கல்லிலிருந்து தலை தூக்கினார். மைத்துனன் தகட்டைப் பிடித்தபடி, தரையைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு வரிசை நெளிஞ்சு தெரியுது. தலைவலி வரதுக்கு முன்னால கண்ணு இப்படிக் காட்டும். நெசமா நெளிஞ்சிருக்கா இல்லையான்னு எனக்குச் சொல்லத் தெரியல."

தையல்காரம்மாவின் ஊசி நின்றதை அவன் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் அவனுக்குத் தெரியவே இல்லை.

மாமா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் குந்தினார். கொஞ்ச நேரம் தரையைப் பார்க்கவில்லை. இவன் முகத்தைத்தான் பார்த்தார்.

"அன்னைக்கு அந்த ஹால்லயும் இப்படித்தானா?"

"ஆமா மாமா. உங்க நூலு சரியாத்தான் இருந்துச்சு."

மாமா தன் விரல்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு, திட்டுவதற்கென்று சேர்த்துவைத்த எல்லாவற்றையும் தொண்டையிலேயே ஓரங்கட்டிவிட்டு, மாத்திரை வைத்திருக்கிறாயா என்று கேட்டார். சட்டைப் பையில் இருந்தது. தண்ணீரைத் தையல்காரம்மா கொண்டுவந்து கொடுத்தார், ஒன்றும் கேட்காமல், மிச்சமிருந்த கையால் ஜன்னல் திரையையும் இழுத்து மூடினார்.

ரசமட்டம் மாத்திரையை விழுங்கிவிட்டு, தடவித் தடவி நூலின் ஒரு நுனியைத் தேடி எடுத்தான். நடு வரிசையின் தலைமாட்டில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டான்.

"அந்த நுனியை நீங்க பிடிங்க மாமா. இழுத்து வெச்சு, நீங்களே பாத்துச் சொல்லுங்க."

மாமா நூலோடு வரிசையின் கால்மாட்டுக்குப் போனார். நூல் விறைத்தது. அவர் குனிந்து ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டு வருவது, முட்டி தரையில் உரசும் சத்தத்தில் தெரிந்தது. அது நின்று நின்று வந்தது. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் இவன் கட்டைவிரலை இன்னும் அழுத்தினான்.

"எல்லாம் நேரா இருக்கு" என்றார் மாமா.

"பத்தாவது கல்லு?"

"அதுவும்தான்." கொஞ்சம் பொறுத்து, "மிச்சத்துக்குக் கலவை காயறதுக்குள்ள நான் நாலு கல்லு வெக்கறேன். நீ அப்பிடி ஓரமாப் படு. எந்திரிச்சு வந்து மீதியைப் போடு" என்றார். அதற்கப்புறம், தனக்குள் முனகுவதுபோல, ஆனால் கேட்கும்படியாக, "அடுத்த வேலைக்கும் நூலை நான்தான் பிடிக்கணுமா?"

"பிடிக்கணும் மாமா" என்றான். கட்டைவிரலை எடுக்காமல், கண்ணை மூடிக்கொண்டே சொன்னான்.